பின்னால் வந்து சேர்ந்த மஞ்சள் பை: பெங்களூரில் ஒரு திருட்டுத் தண்டனை ரத்தான விவரம்

வேலை செய்த வீட்டிலேயே தங்கச் சங்கிலியைத் திருடினார் என்று வீட்டு வேலை செய்யும் ஒரு பெண்மணிக்கு 2022 நவம்பரில் பெங்களூரு மாஜிஸ்திரேட் நீதிமன்றம் ஒன்று தண்டனை கொடுத்தது. அப்போது நடைமுறையில் இருந்த இந்தியத் தண்டனைச் சட்டம் 381-வது பிரிவு, அதாவது வேலைக்காரர் முதலாளியின் பொருளைத் திருடுவது. ஓராண்டு சிறை, 5,000 ரூபாய் அபராதம். 2024-இல் செஷன்ஸ் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து அவரை விடுதலை செய்தது. மேல்முறையீட்டில் அவருக்காக ஆஜரானவள் நான். அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். பெயர்கள் எதுவும் இருக்காது. அவரை நேரில் அக்கா என்றுதான் கூப்பிடுவேன், இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

இந்த வழக்கில் சாட்சி சொன்ன யாரும் அக்காவுக்கு விரோதி இல்லை. விசாரணை நீதிமன்றம் தண்டிக்கச் சொன்ன முக்கியமான காரணமே அதுதான்: முன்விரோதம் இல்லாதவர்கள் எதற்குப் பொய் சொல்லப் போகிறார்கள்? கேட்க நியாயமாகத் தோன்றும் இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு எத்தனை ஏழைகளை உள்ளே அனுப்பியிருக்கிறோம் என்று நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை. பொய் சொல்லும் எண்ணமே இல்லாதவரின் சாட்சியமும் நம்ப முடியாததாக இருக்கலாம். அவர் கண்ணால் கண்டது எது, பிறகு காதில் விழுந்தது எது, போலீஸ் கொண்டுவந்து காட்டியது எது என்று பிரித்துப் பார்த்தால்தான் அது தெரியும். அந்த வேலையை யாரும் செய்யாமலேயே இந்த வழக்கு தண்டனைவரை போய்விட்டது.

வழக்கு

அக்கா பெங்களூரின் மர்பி டவுனில் பிறந்து வளர்ந்தவர். பெற்றோர் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்கள். அல்சூரில் தமிழ் மீடியத்தில் ஐந்தாம் வகுப்புவரை படித்தார். கன்னடம் சரளமாகப் பேசுவார், படிக்கத் தெரியாது. இந்திராநகர் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்த்து, வீடு கூட்டித் துடைக்கும் வேலை. சங்கிலி காணாமல் போன வீட்டில் நான்கு வருடமாக வேலை செய்துவந்தார்.

2019 பிப்ரவரி 10 அன்று அந்த வீட்டு அம்மா ஒரு கல்யாணத்துக்குச் சங்கிலியைப் போட்டுக்கொண்டு போய்விட்டு வந்து பீரோவில் வைத்தார். 17-ஆம் தேதி பீரோவைத் திறந்தபோது இல்லை. 19-ஆம் தேதி புகார். முதல் தகவல் அறிக்கையில் யார் பெயரும் கிடையாது. வீட்டுக்கு வந்துபோகும் வேலையாட்களை விசாரிக்க வேண்டும் என்று மட்டும் இருந்தது. அடுத்த இரண்டு நாளும் அக்காவைக் காவல் நிலையத்துக்கு வரச்சொல்லிச் சாயங்காலம்வரை உட்காரவைத்தார்கள். விசாரணைக்காகப் பெண்களை அவர்கள் குடியிருக்கும் இடத்தைவிட்டு வேறெங்கும் வரச்சொல்லக் கூடாது என்று அப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 160-வது பிரிவு சொன்னது. மர்பி டவுனில் அதை யாருக்கும் யாரும் சொல்லித் தந்ததில்லை.

பிப்ரவரி 27 அன்று கைது. அன்றைக்கே ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்ததாகவும், அதன்படி ஓர் அடகுக்கடைக்குக் கூட்டிப்போய்ச் சங்கிலியை எடுத்துக் கொடுத்ததாகவும் மகஜர், அதாவது பொருளைக் கைப்பற்றியதைச் சாட்சிகள் முன் பதிவு செய்யும் ஆவணம், எழுதினார்கள். ஏழாண்டுவரை தண்டனை உள்ள குற்றங்களில் இயந்திரம்போலக் கைது செய்யாதீர்கள், முதலில் நோட்டீஸ் கொடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் அர்னேஷ் குமார் வழக்கில் 2014-லேயே சொல்லியிருந்தது. 381-வது பிரிவுக்கு உச்சபட்சத் தண்டனை ஏழாண்டு. நோட்டீஸ் கொடுக்கவில்லை. பரப்பன அக்ரஹாரா சிறையில் 19 நாள் இருந்துவிட்டு மார்ச் 18-இல் ஜாமீனில் வந்தார்.

அரசுத் தரப்பில் ஏழு சாட்சிகள். அ.சா.1, அதாவது அரசுத் தரப்பின் முதல் சாட்சி, வீட்டு அம்மா. அ.சா.2 குடியிருப்பின் காவலாளி. அ.சா.3, அ.சா.4 இருவரும் மகஜர் சாட்சிகள். அ.சா.5 அடகுக்கடைக்காரர். மீதி இருவர் போலீஸார்.

தேதி வரிசை

வழக்குக் கட்டு கையில் கிடைத்ததும் நான் முதலில் செய்வது, சாட்சி எண்ணை மறந்துவிட்டு எல்லாக் காகிதத்தையும் தேதிப்படி அடுக்குவது. சாட்சிகளை எந்த வரிசையில் நிறுத்துவது என்பது அரசுத் தரப்பு முடிவு செய்வது. அவர்கள் சொல்லும் கதை ஓட்டமாக வர அந்த வரிசை உதவும்: நகை போனது, ஒருவர் பார்த்தார், கைது, நகை கிடைத்தது. ஆனால் விசாரணை அந்த வரிசையில் நடந்திருக்காது.

இங்கும் நடக்கவில்லை. அடகுச் சீட்டில் இருந்த தேதி பிப்ரவரி 15. போலீஸார் முதன்முதலில் தன் கடைக்கு வந்தது பிப்ரவரி 26 என்று அடகுக்கடைக்காரரே குறுக்கு விசாரணையில் சொல்லியிருந்தார். அக்காவின் வாக்குமூலம் 27. காவலாளியைப் போலீஸ் விசாரித்து வாக்குமூலம் பதிவு செய்தது மார்ச் 2. கதையில் முதலில் வரும் ஆள், விசாரணையில் கடைசியாக வருகிறார்.

இன்னொன்று. சங்கிலி 10-க்கும் 17-க்கும் இடையில் எந்த நாள் போனது என்று சங்கிலிக்குச் சொந்தக்காரருக்கே தெரியாது. அந்த வாரத்தில் பீரோ சாவி பீரோவிலேயே தொங்கியது என்றும், அடுத்த அறையில் இரண்டு நாள் தச்சர்கள் வேலை பார்த்தார்கள் என்றும் அவர் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். நேர்மையான சாட்சி. அக்கா எடுத்ததைப் பார்த்தேன் என்று அவர் ஒரு இடத்திலும் சொல்லவில்லை. ஆனால் காவலாளிக்கு மட்டும் நாளும் நேரமும் துல்லியமாகத் தெரிந்திருந்தது: பிப்ரவரி 14, மாலை நாலரை. அடகுச் சீட்டின் தேதிக்குச் சரியாக முந்தைய நாள். சீட்டு போலீஸ் கைக்கு வந்தபிறகுதான் அவருக்கு அந்த நாள் ஞாபகம் வந்திருக்கிறது.

காவலாளி

அவர் நீதிமன்றத்தில் சொன்னது இவ்வளவுதான்: பிப்ரவரி 14 மாலை நாலரை மணிக்கு அக்கா பின்பக்கக் கேட் வழியாக வேகமாக வெளியே போனார், கையில் ஒரு மஞ்சள் துணிப்பையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார், கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை.

மார்ச் 2 அன்று போலீஸில் சொன்ன வாக்குமூலத்தை எடுத்துப் பார்த்தேன். அதில் பை இல்லை. வேகமாகப் போனார் என்பது இல்லை. பதில் சொல்லவில்லை என்பதும் இல்லை. அன்று மாலை அவர் வெளியே போனதைப் பார்த்தேன் என்று ஒரே வரி. நீதிமன்றத்தில் சாட்சி சொன்னது 2021 ஆகஸ்டில். இரண்டரை வருடத்தில் ஒரு வரி ஒரு காட்சியாக வளர்ந்திருக்கிறது.

போலீஸில் கொடுக்கும் வாக்குமூலம் சாட்சியம் ஆகாது. ஆனால் நீதிமன்றத்தில் சொல்வதற்கும் அதற்கும் முரண்பாடு இருந்தால் அதைக் காட்டச் சட்டம் அனுமதிக்கிறது. முக்கியமான ஒன்றை அங்கே சொல்லாமல் விட்டுவிட்டு இங்கே சொன்னால் அதுவும் முரண்பாடாகலாம் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டம் 162-வது பிரிவின் விளக்கம் சொன்னது. இதை நிரூபிக்க ஒரு முறை உண்டு, பலர் தடுக்கி விழும் இடம் அது. சாட்சியிடம் கேட்டால் மட்டும் போதாது. அவர் போலீஸிலும் சொன்னேன் என்று சாதித்தால், அதைப் பதிவு செய்த அதிகாரி கூண்டேறும்போது அவரிடமும் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். இரண்டாவது பாதியை விட்டுவிட்டால் முரண்பாடு சட்டப்படி நிரூபணம் ஆகாது. மேல்முறையீட்டில் எவ்வளவு கத்தினாலும் பலன் இல்லை.

விசாரணை நீதிமன்றத்தில் அக்காவுக்கு இலவச சட்ட உதவியில் வந்தவர் தொழிலுக்கு வந்து அதிக காலம் ஆகாத ஒரு வழக்கறிஞர். அவருடைய குறுக்கு விசாரணை நீளமானதல்ல. ஆனால் புலன்விசாரணை அதிகாரியின் சாட்சியத்தில் கடைசிக்கு முந்தைய வரி, தமிழில் சொன்னால் இப்படி வரும்: "அ.சா.2 என்னிடம் விசாரணையின்போது மஞ்சள் பை பற்றிச் சொல்லவில்லை என்றால் சரிதான்." அந்த ஒரு வரியில்தான் மேல்முறையீட்டின் பாதி நின்றது. விசாரணை நீதிமன்றத் தீர்ப்பில் அந்த வரியைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அந்த வழக்கறிஞருக்கு போன் செய்து நன்றி சொன்னேன். தான் கேட்டதையே அவர் மறந்திருந்தார்.

வேலைக்கு வருபவர்கள் உள்ளே வரும் நேரமும் வெளியே போகும் நேரமும் கேட்டில் நோட்டில் எழுதப்படும் என்று காவலாளியே சொன்னார். போலீஸ் அந்த நோட்டைக் கேட்கவே இல்லை. பின்பக்கக் கேட்டில் கேமரா உண்டு. அதையும் பார்க்கவில்லை என்று அதிகாரி ஒப்புக்கொண்டார். அக்கா சொன்னது, தினமும் பதினொன்றரைக்கு அந்த வீட்டு வேலை முடிந்து அடுத்த வீட்டுக்குப் போய்விடுவேன், இரண்டு மணிக்கு மேல் அந்தக் குடியிருப்பிலேயே இருக்க மாட்டேன் என்பது. மற்ற இரண்டு வீட்டுக்காரர்களையும் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கையில் எடுக்கக்கூடிய ஆதாரத்தைக் கொண்டுவராமல் விட்டால், கொண்டுவந்திருந்தால் அது தங்களுக்கு எதிராகவே இருந்திருக்கும் என்று நீதிமன்றம் ஊகிக்கலாம். சாட்சியச் சட்டம் 114-இல் உள்ள எடுத்துக்காட்டுகளில் ஒன்று இது.

அடகுக்கடைக்காரர்

தண்டனை உண்மையில் நின்றது இவர்மேல்தான். "இந்தப் பெண்தான் சங்கிலியை அடகு வைத்தார்" என்று நீதிமன்றத்தில் கைகாட்டினார்.

அவர் கைகாட்டிய நாளின் பதிவை வாசகர்கள் கொஞ்சம் மனக்கண்ணில் பார்க்க வேண்டும். 2021 ஆகஸ்ட், கொரோனா காலம், நீதிமன்றத்தில் எல்லோர் முகத்திலும் முகக்கவசம். கூண்டுக்குள் நின்ற ஒரே பெண் அக்கா. முகக்கவசத்தை இறக்கச் சொன்னார்கள், இறக்கினார், சாட்சி அடையாளம் காட்டினார். குற்றம் சாட்டப்பட்டவர் கூண்டில் ஒரே ஒரு பெண் நிற்கும்போது யார் வந்தாலும் அவரைத்தான் காட்டுவார்கள்.

அதற்கு முன் அடையாள அணிவகுப்பு நடக்கவில்லை. நடந்திருந்தால் அக்காவை ஏறக்குறைய அதே வயது, அதே தோற்றம் உள்ள பல பெண்களோடு நிறுத்தி, போலீஸ் பக்கத்தில் இல்லாமல், இவர்களில் யார் என்று கேட்டிருப்பார்கள். இங்கே நடந்தது வேறு. பிப்ரவரி 27 அன்று ஜீப்பில் அக்காவைக் கடை வாசலுக்குக் கூட்டிவந்து, "இந்த லேடிதானே?" என்று கேட்டார்கள். "ஆமாம் என்றேன்" என்று கடைக்காரரே சொல்கிறார். அந்த நொடியிலிருந்து அவர் மனதில் இருக்கும் முகம் பிப்ரவரி 15 அன்று கவுன்டருக்கு அந்தப் பக்கம் நின்ற முகமா, ஜீப்பிலிருந்து இறங்கிய முகமா என்று அவராலேயே பிரிக்க முடியாது. ஒரு நாளைக்கு எத்தனையோ பேர் வந்துபோகும் கடை; முன்பின் பார்த்திராத ஒருவரைச் சில நிமிடம் பார்த்திருக்கிறார்.

முன்பின் தெரியாத ஒருவரை அணிவகுப்பு எதுவும் இல்லாமல் முதன்முறையாக நீதிமன்றத்தில் அடையாளம் காட்டுவதற்கு மதிப்பில்லை என்று கணன் எதிர் கேரள அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1979-இல் சொன்னது. பின்னாளில் வந்த தீர்ப்புகள் இதைக் கொஞ்சம் தளர்த்தியிருக்கின்றன: நீதிமன்றத்தில் காட்டுவதே அடிப்படைச் சாட்சியம், அணிவகுப்பு அதற்கு வலு சேர்ப்பது மட்டுமே என்று 2003-இல் மல்கான்சிங் வழக்கில் சொன்னார்கள். அரசு வழக்கறிஞர் அதைத்தான் பிடித்துக்கொண்டார். அந்த வழக்கு பாலியல் வன்கொடுமை பற்றியது. பாதிக்கப்பட்ட பெண்ணுக்குக் குற்றவாளிகளின் முகம் மனதில் பதிய எல்லாச் சந்தர்ப்பமும் இருந்தது. அடகுக்கடைக் கவுன்டரில் நடக்கும் கொடுக்கல் வாங்கலை அதோடு ஒப்பிட முடியாது.

அடுத்தது சீட்டு. கடைக்காரரின் அடகுச் சீட்டுப் பிரதியை அரசுத் தரப்பே ஆவணமாகக் குறியீடு செய்திருந்தது. அதில் இருந்த பெயர் அக்காவின் பெயர் இல்லை. பொய்ப் பெயர் கொடுத்தார் என்றார்கள். சரி, கீழே? கையெழுத்துப் போடும் இடத்தில் பெருவிரல் ரேகை. அதே கட்டில் நாலைந்து தாள் தள்ளி இருந்த ஒப்புதல் வாக்குமூலத்தைப் பார்த்தேன். கன்னடத்தில் எழுதிய அந்தத் தாளின் அடியில் அக்கா தமிழில் தன் முழுப் பெயரையும் கொஞ்சம் சாய்வாக, நிதானமாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். "ரேகை எதுக்கு வக்கீலம்மா வெப்பேன், எனக்குத்தான் கையெழுத்துப் போடத் தெரியுமே" என்றார் என்னிடம். விரல் ரேகை என்பது ஒப்பிட்டுப் பார்க்கக்கூடிய பொருள். அக்காவின் ரேகையை எடுத்து நிபுணருக்கு அனுப்பியிருந்தால் சாட்சி எதுவும் வேண்டாம், ஒரே அறிக்கையில் வழக்கு ஏதாவது ஒரு பக்கம் முடிந்திருக்கும். அனுப்பவில்லை. அடகுப் பேரேட்டையும் கொண்டுவரவில்லை. கர்நாடகத்தில் அடகுக்கடைக்காரர்களுக்கு 1961-லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது, கணக்குப் புத்தகம் வைத்திருப்பது அவர்கள் கடமை.

விரோதமே இல்லாத இந்த மனிதர் ஏன் அப்படிச் சொல்ல வேண்டும்? திருட்டு நகையை அடகு பிடித்தவர் தலைமேல் தண்டனைச் சட்டத்தின் 411-வது பிரிவு தொங்கிக்கொண்டிருக்கும்: திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கியது. மூன்றாண்டுவரை சிறை. போலீஸ் கேட்டபடி ஒரு ஆளைக் காட்டினால் அவர் சாட்சி. ஞாபகம் இல்லை என்றால் அவரே வழக்கில் இரண்டாவதாகக் குற்றம் சாட்டப்பட்டவர் ஆகலாம். அவர் தெரிந்தே பொய் சொன்னார் என்று நான் வாதாடவில்லை. ஆமாம் என்று சொல்வதில் அவருக்கு நிம்மதி இருந்தது, இல்லை என்று சொல்வதில் ஆபத்து இருந்தது. முன்விரோதம் இருக்கிறதா என்று மட்டும் தேடிய விசாரணை நீதிமன்றம் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

மகஜர் சாட்சிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒருவர், ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கினார்கள் என்று சொல்லிப் பிறழ் சாட்சி ஆனார். இன்னொருவர் காவல் நிலையத்துக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருப்பவர், வேறு வழக்குகளிலும் மகஜர் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டதை ஒப்புக்கொண்டவர். அதைவிடப் பெரிய ஓட்டை சாட்சியச் சட்டத்தின் 27-வது பிரிவில் இருந்தது. போலீஸ் காவலில் இருப்பவர் சொன்னதில், அவர் சொன்னதால் புதிதாகத் தெரியவந்த விஷயத்துக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட பகுதி மட்டும்தான் சாட்சியமாகும். 1946-இல் புலுக்குரி கொட்டய்யா வழக்கில், அந்நாளில் லண்டனில் இருந்த கடைசி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் போட்ட எல்லைக்கோடு அது. போலீஸ் 26-ஆம் தேதியே கடைக்குப் போய்ச் சங்கிலியைப் பார்த்துவிட்டது. 27-ஆம் தேதி அக்கா சொல்லித்தான் கடை தெரியவந்தது என்றால் எப்படி?

அது அந்தச் சங்கிலிதானா

நகைக்கடைப் பில்லில் எடை 32.150 கிராம், நான்கு சவரன். மகஜரில் எடை 27.900 கிராம். நாலேகால் கிராம் எங்கே போனது? டாலரைக் கழற்றியிருக்கலாம் என்றார் வீட்டு அம்மா. புகாரில் டாலர் பற்றிப் பேச்சே இல்லை. அடையாளக் குறி எதுவும் புகாரில் எழுதவில்லை. ஒரு வாரம் முன்பு கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போன சங்கிலி. அந்தக் கல்யாணத்தில் எடுத்த ஒரு போட்டோவைக்கூட யாரும் கேட்டு வாங்கவில்லை.

திருட்டு நடந்த கொஞ்ச நாளில் திருட்டுப் பொருளை வைத்திருப்பவரே திருடர் என்று ஊகிக்கலாம் என்பது சாட்சியச் சட்டம் 114-இல் உள்ள இன்னொரு எடுத்துக்காட்டு. விசாரணை நீதிமன்றம் அதைப் பயன்படுத்தியது. ஆனால் அந்த ஊகத்துக்குள் நுழைய இரண்டு வாசல் தாண்ட வேண்டும்: பொருள் அதே பொருள், அது இவரிடம் இருந்தது. இரண்டுமே இங்கே திறக்கவில்லை.

செஷன்ஸ் நீதிமன்றத்தில்

மாஜிஸ்திரேட் தீர்ப்புக்கு எதிராக முப்பது நாளுக்குள் செஷன்ஸ் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய வேண்டும். செய்தோம், தண்டனையை நிறுத்திவைத்தார்கள். முதல் மேல்முறையீட்டில் நீதிபதி சாட்சியம் முழுவதையும் புதிதாக எடைபோடலாம், போட வேண்டும். இது பலருக்குத் தெரிவதில்லை. கீழ்க்கோர்ட்டில் தோற்றால் எல்லாம் முடிந்தது என்று அபராதத்தைக் கட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறார்கள்.

நான் முக்கியமாக நம்பியது 1957-ஆம் வருடத்துத் தீர்ப்பு: வடிவேலு தேவர் எதிர் சென்னை மாநிலம். கொலை வழக்கு. கொலையுண்டவரின் மனைவி ஒருவரின் சாட்சியத்தை வைத்தே தண்டனையை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. சாட்சிகளின் எண்ணிக்கை முக்கியமில்லை, தரம்தான் முக்கியம் என்று சொல்லி, சாட்சிகளை மூன்று வகையாகப் பிரித்தது: முழுக்க நம்பத்தக்கவர், முழுக்க நம்பத்தகாதவர், இரண்டுக்கும் நடுவில் இருப்பவர். முதல் வகை என்றால் ஒருவரே போதும். இரண்டாவது வகையை ஒதுக்கிவிடலாம். தொல்லையெல்லாம் மூன்றாவது வகையில்தான். அங்கே நம்பகமான வேறு ஆதாரம் துணைக்கு வர வேண்டும். விசாரணை நீதிமன்றமும் இதே தீர்ப்பைக் காட்டித்தான் தண்டித்திருந்தது. காவலாளி சொன்னதைக் கடைக்காரர் உறுதி செய்கிறார், கடைக்காரர் சொன்னதைக் காவலாளி உறுதி செய்கிறார் என்று. துணைக்கு வரும் ஆதாரம் நம்பகமானதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை அது கவனிக்கவில்லை. தன் காலில் நிற்க முடியாத இருவர் தோள்மேல் தோள் போட்டுக்கொண்டால் அது துணைச் சாட்சியம் ஆகாது.

அரசு வழக்கறிஞர் நன்றாகவே வாதாடினார். 1983-ஆம் வருடத்துப் பர்வாடா வழக்கை எடுத்துவைத்தார்: சாட்சியின் மனம் வீடியோ டேப் இல்லை, நாளாகும்போது சின்னச் சின்ன முரண்பாடுகள் வரத்தான் செய்யும், அதற்காக அடிப்படையைத் தூக்கி எறியக் கூடாது. உண்மைதான், அந்தத் தீர்ப்பை நான் மதிக்கிறேன்; எத்தனையோ பாதிக்கப்பட்டவர்களுக்கு அது அரண். ஆனால் அது மறதிக்குச் சொன்ன சமாதானம். இரண்டரை வருடத்தில் ஒரு பை மறந்துபோனால் இயல்பு. இரண்டரை வருடம் கழித்து ஒரு பை புதிதாக வந்து சேர்வதை மறதி என்று சொல்ல முடியாது. நீதிபதி இந்த இடத்தில் எழுதுகோலை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

ஒரு கேள்வியில் மட்டும் அவர் என்னை விடவில்லை. "இந்த அம்மா வைக்கவில்லை என்றால் சங்கிலி அந்தக் கடைக்கு எப்படி வந்தது?" யாரோ ஒரு பெண் வைத்திருக்கிறார், ரேகையும் கொடுத்திருக்கிறார், அந்த ரேகை இன்னும் நீதிமன்றக் கட்டில்தான் இருக்கிறது என்றேன். அது யார் என்று கண்டுபிடிப்பது அரசுத் தரப்பின் வேலை. கண்டுபிடிக்காததால் பக்கத்தில் இருந்தவரைத் தண்டிக்கச் சட்டத்தில் இடமில்லை.

எங்கள் வாதங்களில் ஒன்று எடுபடவில்லை. விசாரணை முழுக்கக் கன்னடத்தில் நடந்தது, சாட்சியங்களை அக்காவுக்குத் தமிழில் விளக்கவில்லை, குற்றம் சாட்டப்பட்டவருக்குப் புரியாத மொழியில் சாட்சியம் இருந்தால் விளக்க வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டம் 279-வது பிரிவு சொல்கிறது என்று வைத்தேன். நாற்பது வருடத்துக்கு மேல் பெங்களூரில் இருப்பவர், வீட்டுக்காரர்களோடு கன்னடத்தில் பேசுபவர், பாதிப்பு என்ன என்று கேட்டார் நீதிபதி. பேசுவதும் நீதிமன்றக் கன்னடத்தைப் புரிந்துகொள்வதும் ஒன்றல்ல என்பது என் கருத்து, இன்றும் அதுவே. சாட்சியங்களுக்கு என்ன பதில் என்று 313-வது பிரிவின் கீழ் விசாரணை நீதிமன்றம் அக்காவிடம் கேட்ட கேள்விகளைப் படித்தாலே தெரியும்: அரைப் பக்கம் ஓடும் ஒரே வாக்கியம், நாலு சாட்சிகள் சொன்னதும் அதற்குள்ளேயே, கடைசியில் "என்ன சொல்கிறீர்கள்?". எல்லாவற்றுக்கும் அவர் சொன்ன பதில் ஒன்றே ஒன்று: பொய். நீதிபதி இந்த வாதத்தை ஏற்காமல், மற்ற காரணங்களே போதும் என்று விட்டுவிட்டார்.

தீர்ப்பு சுருக்கமானது. காவலாளியின் சாட்சியத்தில் முக்கியமான பகுதி பின்னால் சேர்க்கப்பட்டது, அது புலன்விசாரணை அதிகாரி வாயாலேயே நிரூபணமாகியிருக்கிறது; கடைக்காரரின் அடையாளம் போலீஸ் காட்டியதால் வந்தது; ரேகையை ஒப்பிடாததற்கு விளக்கமே இல்லை; எடை வித்தியாசத்தால் சங்கிலியே ஐயத்துக்கு இடமாகிறது; கடை போலீஸுக்கு முன்பே தெரிந்ததால் 27-வது பிரிவு பொருந்தாது. சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கே. தண்டனை ரத்து, அபராதத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சங்கிலிக்கு வேறு யாரும் உரிமை கோராததால் அது வீட்டு அம்மாவிடமே இருக்கட்டும் என்று உத்தரவு.

பிறகு

2024 ஜூலை 1 முதல் புதிய சட்டங்கள் நடைமுறையில் இருக்கின்றன. வேலைக்காரர் திருட்டு இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 306-வது பிரிவு. சோதனையையும் பறிமுதலையும் ஒலி, ஒளியாகப் பதிவு செய்ய வேண்டும் என்று நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105-வது பிரிவு சொல்கிறது, போனிலேயே எடுக்கலாம். 2019-இல் அது இருந்திருந்தால் ஜீப்பில் கூட்டிவந்து "இந்த லேடிதானே?" என்று கேட்டது பதிவாகியிருக்கக் கூடும். இனி இப்படி வழக்கு வந்தால் வழக்கறிஞர்கள் முதலில் கேட்க வேண்டியது அந்த வீடியோவை. இல்லை என்றால், ஏன் இல்லை என்று அதிகாரியைக் கூண்டில் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும்.

விடுதலைத் தீர்ப்பை எதிர்த்து அரசு மேல்முறையீடு செய்யவில்லை. இழப்பீடு கிடைக்குமா என்று அக்காவின் மகன் கேட்டான். ஆதாரமில்லாமல் கைது செய்யவைத்தவர் கொடுக்க வேண்டும் என்று பழைய நடைமுறைச் சட்டத்தில் 358-வது பிரிவு இருந்தது. உச்சவரம்பு ஆயிரம் ரூபாய், அதுவும் இந்த வழக்குக்குப் பொருந்தாது. தவறாக வழக்கில் சிக்கவைக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தரத் தனி ஏற்பாடு வேண்டும் என்று சட்ட ஆணையம் 2018 ஆகஸ்டில் தன் 277-வது அறிக்கையில் பரிந்துரைத்தது. புதிய சட்டங்கள் வந்தபோதும் அது உள்ளே வரவில்லை. அவனிடம் இதைச் சொல்வது எனக்கு எளிதாக இல்லை. கைதான வாரத்திலேயே மூன்று வீட்டு வேலையும் போய், இரண்டு வருடம் ஒரு கல்யாண மண்டபத்தில் இலை எடுத்துப் பிழைத்திருக்கிறார் அவன் அம்மா.

அபராதப் பணம் வங்கிக் கணக்குக்கு வந்துவிட்டது. கைதான அன்று அக்காவின் போட்டோவை "இவரை வேலைக்கு வைக்காதீர்கள்" என்று குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார்கள். அது அங்கிருந்து பக்கத்துக் குடியிருப்புகளுக்கும் போயிருக்கிறது. தீர்ப்பின் சான்றிட்ட நகலோடு, அந்தப் போட்டோவை நீக்கி விடுதலைச் செய்தியையும் அதே குழுவில் போடச் சொல்லிக் குடியிருப்போர் சங்கத்துக்குப் பதிவுத் தபால் அனுப்பினோம். பெற்றுக்கொண்டதற்கான சீட்டு திரும்பி வந்திருக்கிறது, பதில் வரவில்லை. அடுத்ததாக வழக்கறிஞர் நோட்டீஸ் தயாராகிறது. அதைக் கன்னடத்திலும் தமிழிலும் எழுதச் சொல்லியிருக்கிறார் அக்கா, அனுப்பும் முன் தானே ஒருமுறை படித்துப் பார்த்துவிட வேண்டுமாம்.